சவுத்கேட் பயந்தாங்கொள்ளியா? சண்டைக்கு வந்த வாசகர்கள்

போன இதழ்ல ஒரு வாசகருக்குப் பதில் சொல்றப்போ, இங்கிலாந்து கோச்சா இருந்த கேரத் சவுத்கேட்ட நாம எல்லாரும் கொஞ்சம் ஓவராத்தான் திட்டிட்டோம்னு நாலே நாலு வரி எழுதினேன், அவ்ளோதான், மெயில் பாக்ஸ் ரொம்பிடுச்சு. பாதி பேர் "உனக்கு ஃபுட்பால் தெரியுமா"ன்னு கேட்டிருக்காங்க, மீதி பேர் அதையே மரியாதையா கேட்டிருக்காங்க. அதனால இந்த வாரம் வேற கேள்வியே கிடையாது. பேர் போட வேணாம்னு நிறைய பேர் சொன்னதால ஊர் மட்டும்.

ஹாரி கேன், பெல்லிங்ஹாம், ஃபோடன், சாகான்னு இவ்ளோ பேர கையில வச்சுக்கிட்டு ஒரு கப்பு கூட வாங்கல. பிரியாணி அண்டாவ முன்னாடி வச்சுக்கிட்டு ரசம் சாதம் போட்ட மனுஷன் சார் அவரு, அவருக்குப் போய் சப்போர்ட்டா? (கோயம்புத்தூர்)

ரசத்த கேவலமா பேசாதீங்க சார். அவர் வந்தப்போ அந்த வீட்டோட வயிறு எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? 2014 உலகக் கோப்பைல ஒரு மேட்ச் கூட ஜெயிக்காம குரூப்லயே வெளிய, 2016 யூரோல (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) ஐஸ்லாந்துகிட்ட 2-1 தோத்து ஊருக்கு வந்தாங்க, அப்புறம் வந்த சாம் அலர்டைஸ் ஒரே ஒரு மேட்ச்சோட 67 நாள்ல வீட்டுக்குப் போயிட்டாரு. அந்த நிலைமைல, சும்மா தற்காலிகமா பாத்துக்கோன்னு உக்கார வச்ச ஆளு இவரு. உக்காந்தவரு 2018 உலகக் கோப்பைல செமி, 2021ல யூரோ ஃபைனல், 2022 உலகக் கோப்பைல குவார்ட்டர், 2024ல மறுபடியும் யூரோ ஃபைனல். மொத்தம் 102 மேட்ச், 61 வெற்றி. 1966ல கப்பு ஜெயிச்ச ஆல்ஃப் ராம்சேவ விட்டா இவர் அளவுக்குப் போன இங்கிலாந்து கோச் கிடையாது.

வயிறு சரியில்லாதவனுக்கு மொத நாள் ரசம் சாதம்தான் போடணும். எட்டு வருஷம் அதையே போட்டதுதான் உங்க கம்ப்ளைண்ட்டுன்னா, அதுல நான் உங்க பக்கம்.

சும்மா "கன்சர்வேட்டிவ்" "கன்சர்வேட்டிவ்"னு எல்லாரும் சொல்றாங்க, நான் மேட்ச் எல்லாம் பாத்தேன், 2022ல ஈரானுக்கு ஆறு கோல், செனகலுக்கு மூணு கோல். எங்க இருக்கு அந்த பயம், காட்டுங்க பாப்போம். (மதுரை)

காட்றேன். ஆனா நீங்க டீம் லிஸ்ட்ல தேடினா கிடைக்காது, ஏன்னா ஆரம்பிக்கிற பதினொரு பேர்ல அவர் எப்பவும் அவ்ளோ கஞ்சத்தனம் பண்ணல. அவர் பயம் இருந்தது வாட்ச்ல.

2021 யூரோ ஃபைனல எடுத்துக்கங்க, வெம்ப்ளி, சொந்த ஊரு, எதிர்ல இத்தாலி. ரெண்டாவது நிமிஷம், டிரிப்பியர் வலது பக்கத்துல இருந்து கிராஸ் போட, லூக் ஷா ஓடி வந்து அப்படியே அடிச்சாரு, 1-0. நம்ம ஊர்ல அப்போ ராத்திரி பன்னெண்டரை தாண்டி ரெண்டு நிமிஷம், பக்கத்து வீட்ல லைட் எரிய ஆரம்பிச்சுது நான் கத்தின கத்துல. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? கொஞ்சம் கொஞ்சமா எல்லாரும் பின்னாடி போக ஆரம்பிச்சாங்க. ரெண்டு ஓரத்துலயும் மேலயும் கீழயும் ஓடற விங்-பேக்கா ஆடின ரெண்டு பேரும் டிஃபெண்டரா மாறி பின்னாடி அஞ்சு பேர் நிக்க, அவங்களுக்கு முன்னாடி டெக்லன் ரைஸும் கேல்வின் ஃபிலிப்ஸும், அந்தப் பக்கம் ஜோர்ஜினோவும் வெராட்டியும் கடற்கரைல வாக்கிங் போற மாதிரி பந்த வச்சுக்கிட்டு பாஸ் பண்ணிட்டே இருந்தாங்க. மூணுல ரெண்டு பங்கு நேரம் பந்து அவங்ககிட்டதான்.

இப்போ வாட்ச்ச பாருங்க. இத்தாலி கோச் மான்சினி 55வது நிமிஷத்துக்குள்ளயே ரெண்டு பேர மாத்திட்டாரு, அதுல ஒருத்தர் இம்மோபிலே, சென்டர் ஃபார்வர்ட்! கோல் தேவைப்படுற டீம், கோல் அடிக்கிற ஆள வெளிய எடுக்குது, அந்த தைரியத்த பாருங்க. இந்தப் பக்கம் சவுத்கேட் கைய கட்டிக்கிட்டு நிக்கறாரு. 67ல பொனூச்சி அடிச்சாரு, 1-1. அதுக்கப்புறம்தான், கிட்டத்தட்ட 70ல, மொத ஆள் சாகா உள்ள வராரு. அடி விழுந்த பிறகுதான் அவருக்கு கை அசையும்.

2018 செமிலயும் இதே கதைதான், டிரிப்பியர் ஃப்ரீ கிக் அஞ்சாவது நிமிஷம், எதிர்ல குரோஷியா, அந்த டீம் அதுக்கு முந்தின ரெண்டு மேட்ச்சும் 120 நிமிஷம் ஆடி பெனால்டி வரைக்கும் போயி நாக்கு தள்ளி வந்த டீம். அவங்ககிட்ட பந்த குடுத்துட்டு இவங்க ஓடினாங்க. 68ல பெரிசிச், எக்ஸ்ட்ரா டைம்ல மண்ட்சுகிச், கதை முடிஞ்சுது. கிரிக்கெட்ல ஒரு கேப்டன் இருப்பாருல்ல, மொத ஓவர்லயே விக்கெட் விழுந்ததும் ஸ்லிப்ப இன்னும் நெருக்கமா வைக்காம ரெண்டு பேர பவுண்டரிக்கு அனுப்புவாரு. அந்த வகை.

சீக்கிரம் கோல் அடிக்கிறது இங்கிலாந்துக்கு ஒரு சாபம் மாதிரியே ஆயிடுச்சு அந்த ரெண்டு மேட்ச்ல.

இதே ஆட்டத்த பிரான்ஸ் கோச்சா டெஷாம்ப்ஸ் ஆடினா "டோர்னமெண்ட் மாஸ்டர்", சவுத்கேட் ஆடினா கோழையா? என்ன நியாயம் இது. (திருச்சி)

நியாயமே இல்ல. 2018ல பிரான்ஸ் கப்பு ஜெயிச்சப்போ அவங்க சென்டர் ஃபார்வர்ட் ஜிரூ டோர்னமெண்ட் முழுக்க கோல் பக்கம் ஒரு ஷாட் கூட சரியா வைக்கல. 2024 யூரோல இன்னும் மோசம், செமி வரைக்கும் வந்தாங்க, மொத்தம் மூணு கோல், அதுல ரெண்டு எதிரியே போட்டுக்கிட்ட ஓன் கோல், ஒண்ணு எம்பாப்பே பெனால்டி. செமிலதான் கோலோ முவானி தலையால ஒண்ணு போட்டாரு, அன்னிக்கே தோத்தாங்க. ஆனா அலமாரில கப்பு இருக்கே, யாரு கேப்பா?

1994ல பிரேசில் கோச் பெரெய்ரா ஃபைனல்ல 0-0 ஆடி பெனால்டில ஜெயிச்சாரு, 24 வருஷம் கழிச்சு வந்த கப்பு, அப்பவும் ஊர்ல பாதி பேர் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாங்க, இது பிரேசில் ஆட்டமே இல்லன்னு. 2004ல கிரீஸ் நாக்-அவுட்ல மூணு மேட்ச், மூணும் 1-0, சாம்பியன். அந்த கோச் ரெஹாகல கிரீஸ்ல ராஜாவா கொண்டாடினாங்க. ஏன்னா கிரீஸ்கிட்ட இருந்தது ரசம் மட்டும்தான், அண்டால பிரியாணி கிடையாது. கோயம்புத்தூர் சார் கேள்வி அங்கதான் வலுவா நிக்குது.

"பஸ்ஸ கொண்டாந்து கோல் போஸ்ட் முன்னாடி நிறுத்திட்டான்"னு, மொத்த டீமும் கோல் முன்னாடியே குவிஞ்சு நின்னா, சொல்றாங்களே, அத மொதல்ல சொன்னது யாரு? (சேலம்)

பிரபலமாக்கினவரு ஜோசே மொரின்யோ, 2004ல செல்சிக்கு வந்த புதுசுல டாட்டன்ஹாம் 0-0 புடிச்ச கோவத்துல. அதுக்கப்புறம் அதே பஸ்ஸுக்கு அவரே டிரைவர் ஆயிட்டாரு, அது வேற விஷயம்.

2024 யூரோல கொலோன்ல ஸ்லோவேனியா மேட்ச் 0-0 முடிஞ்சதும் ரசிகர்கள் பீர் கப்ப அவர் மேல வீசினாங்களே, அது தப்புதானே? நான் அவருக்கு ரசிகை இல்ல, இருந்தாலும் மனசு கேக்கல. (நாகர்கோவில்)

தப்புதான் மேடம், பிளாஸ்டிக் கப்பா இருந்தாலும் தப்பு. அதுக்கு மேல, அன்னிக்கு அவங்க கோவப்பட்ட காரணமே பாதி தப்புன்னு நான் நினைக்கிறேன். டிவில பாக்கறப்போ "அட்டாக் பண்ண மாட்டேங்கறாங்க, பயம்"னு தோணும். நடந்தது என்னன்னா, டீம்ல இருந்த ஒரே அசல் லெஃப்ட் பேக் லூக் ஷா, அவர் காயத்தோட வந்தவரு, குவார்ட்டர் ஃபைனல் கடைசிலதான் கிரவுண்ட்லயே கால் வச்சாரு. அதுவரைக்கும் இடது பக்கம் வலது கால்காரர் டிரிப்பியர். அவருக்கு முன்னாடி ஃபோடன், அவர் நடுவுல வந்து ஆடற பழக்கம். பெல்லிங்ஹாமும் நடுவுல, கேனும் பந்து வாங்க இறங்கி நடுவுல. ஒரு பக்கம் ஆளே இல்ல, நடுவுல மட்டும் தி.நகர் தீபாவளிக் கூட்டம். எதிர் டீம் அந்த இடத்துல மட்டும் கதவ சாத்தினா போதும். இது பயம் இல்ல, சாமான் வாங்கறப்பவே லிஸ்ட்ல உப்ப மறந்தது. அந்த உப்ப மறந்தது கோச்தான், அதனால தப்பிக்க முடியாது, ஆனா வேற குத்தம்.

உண்மையான குத்தம் அடுத்த மேட்ச்ல இருக்கு. ஸ்லோவாக்கியா 25வது நிமிஷம் கோல் போட்டாச்சு. 90 நிமிஷம் ஓடி முடிஞ்சுது, ஸ்லோவாக்கியா கோல் கீப்பர பாத்து இங்கிலாந்து ஒரு ஷாட் கூட உருப்படியா அடிக்கல. 94வது நிமிஷம் ஐவன் டோனிய (நம்ம தோனி இல்ல, ஆனா கடைசி ஓவர்ல இறக்கினது என்னமோ அதே கணக்கு) உள்ள அனுப்பறாரு, டோனி கடுப்போடதான் உள்ள போனாருன்னு அப்புறம் சவுத்கேட்டே சிரிச்சுக்கிட்டு சொன்னாரு. அடுத்த நிமிஷம் பெல்லிங்ஹாம் முதுக காட்டி பறந்து ஒரு உதை விட்டாரு பாருங்க, ரெண்டு வாரமா தேங்கி இருந்த கோவம் எல்லாம் அந்த ஒரு உதைல. எக்ஸ்ட்ரா டைம் ஆரம்பிச்ச உடனே டோனி தலையால தட்டி விட, கேன் தலையால போட்டாரு, 2-1. அப்போ டோனிய 60லயே இறக்கியிருந்தா? இதுக்குத்தான் பீர் கப்பு வீசியிருக்கணும். சரி சரி, வீசக்கூடாது.

எப்பப் பாத்தாலும் லேட் சப்ஸ்டிட்யூஷன் லேட் சப்ஸ்டிட்யூஷன்னு புலம்பறீங்க, ஆனா டென்மார்க் செமில கிரீலிஷ இறக்கி திரும்ப எடுத்தாரே, அதுல ஜெயிச்சாரே, அத சொல்ல மாட்டீங்களா? (புதுச்சேரி)

சொல்றேன், அதுவும் சரியான பாயிண்ட்டுதான். 2021 செமி, எக்ஸ்ட்ரா டைம்ல கேன் பெனால்டி ரீபவுண்ட அடிச்சு 2-1 ஆனதும், மாற்று ஆளா வந்த கிரீலிஷையே வெளிய எடுத்துட்டு டிரிப்பியர போட்டு பின்னாடி அஞ்சு பேர நிறுத்தினாரு. அரங்கமே கிரீலிஷ் பேர கத்திட்டு இருந்த சமயம். ஜெயிச்சாரு. அன்னிக்கு அது கரெக்ட், மிச்சம் இருந்தது பதினஞ்சு நிமிஷம்தான். பதினஞ்சு நிமிஷத்துக்கு கதவ சாத்தறது புத்திசாலித்தனம், 88 நிமிஷத்துக்கு சாத்தினா உள்ள இருக்கறவனுக்கே மூச்சு முட்டும். நாலு நாள் கழிச்சு ஃபைனல்ல அதுதான் ஆச்சு.

அவர் அடி விழறதுக்கு முன்னாடியே கை வச்ச மேட்ச்சும் ஒண்ணு இருக்கு. 2024 செமி, நெதர்லாந்து, 1-1, 81வது நிமிஷம். கேனையும் ஃபோடனையும் எடுத்துட்டு வாட்கின்ஸையும் பால்மரையும் இறக்கினாரு. என் தம்பி போன்ல "கேன எடுத்துட்டான்டா பைத்தியக்காரன்"னு மெசேஜ் போட்டான். 90ல பால்மர் பாஸ், வாட்கின்ஸ் திரும்பி மூலைல வச்சாரு. தம்பிகிட்ட இருந்து காலைல வரைக்கும் மெசேஜ் இல்ல.

அண்ணா, வியாசர்பாடில சின்ன பசங்களுக்கு கோச்சிங் குடுக்கறேன். நாங்க 1-0 லீட் எடுத்தா பசங்க தானா பின்னாடி போயிடறாங்க, நான் போன்னு சொல்லவே மாட்டேன். அப்போ சவுத்கேட்டும் சொல்லாமலேதான் அவனுங்க போயிருப்பானுங்களோ?

தம்பி, இந்த வாரத்துலயே பெஸ்ட் கேள்வி உன்னுதுதான். ஆமா, பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், எந்த கோச்சும் இடைவேளைல "போயி கோல் போஸ்ட்ட கட்டிப் புடிச்சுக்கோங்கடா"ன்னு சொல்ல மாட்டாரு. கால் தானா பின்னாடி போகும், இழக்கறதுக்கு ஒண்ணு கையில வந்துடுச்சுல்ல. ஆனா அத பாத்ததும் இழுத்து முன்னாடி விடறதுக்குத்தான் ஓரத்துல ஒரு ஆள் நிக்கறாரு. நீ ஒண்ணு பண்ணிப் பாரு. எதிர் டீம் பந்த பின்னாடி பாஸ் பண்ற ஒவ்வொரு தடவையும் உன் டிஃபெண்டர்ஸ் பத்து அடி முன்னாடி ஏறணும்னு ஒரே ஒரு ரூல் வை, கத்திட்டே இரு. இன்னொண்ணு, நல்லா ஓடற ஒரு பையன மேலயே விட்டு வை, அவன் மட்டும் டிஃபென்ஸுக்கு வரக்கூடாதுன்னு சொல்லிடு. வெட்டி விடற பந்து போய்ச் சேர ஒரு ஆள் வேணும், இல்லன்னா அடிச்ச பந்து சுவத்துல பட்ட மாதிரி திரும்பி உன்கிட்டயே வரும். வெம்ப்ளில அன்னிக்கு அதுதான் நடந்துச்சு, கேன் இறங்கி இறங்கி மிட்ஃபீல்டர் ஆயிட்டாரு, மேல ஆளே இல்ல.

அப்புறம், பசங்க தோத்தா திட்டாத.

2021 யூரோ ஃபைனல்ல 120வது நிமிஷத்துல ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் பெனால்டி அடிக்கவே இறக்கி, கடைசி பெனால்டிய 19 வயசு சாகாகிட்ட குடுத்தது தைரியமா, முட்டாள்தனமா? (ஷார்ஜா)

முட்டாள்தனம்னு சொல்ல நாக்கு வரல, ஏன்னா பெனால்டி விஷயத்துல அந்த மனுஷனோட உழைப்பு பெருசு. அவர் வர்றதுக்கு முன்னாடி உலகக் கோப்பை, யூரோ ரெண்டுலயும் சேத்து இங்கிலாந்து ஏழு பெனால்டி ஷூட்-அவுட் ஆடி ஒண்ணே ஒண்ணுதான் ஜெயிச்சிருந்தாங்க. தோத்த ஆறுல ஒண்ணு 1996, ஜெர்மனிக்கு எதிரா, அன்னிக்கு மிஸ் பண்ணது இதே சவுத்கேட். அவர் காலத்துல, 2019 நேஷன்ஸ் லீக்ல ஆடின ஒண்ணையும் சேத்து, நாலு ஷூட்-அவுட், மூணு வெற்றி. தோத்தது அந்த ஒண்ணு மட்டும்தான்.

ஆனா பந்தையே சரியா தொடாத பையன அந்த பிரஷர்ல போய் அடின்னு சொல்றது கணக்குப் புஸ்தகத்துல சரியா வரும், கால்ல வராது. ராஷ்ஃபோர்ட் போஸ்ட்ல அடிச்சாரு, மத்த ரெண்டையும் இத்தாலி கீப்பர் டொன்னரும்மா தடுத்தாரு. யார் அடிக்கணும்னு முடிவு பண்ணது நான்தான்னு அன்னிக்கே சவுத்கேட் பொறுப்ப ஏத்துக்கிட்டாரு, அந்த மூணு கறுப்பின பசங்கள இனவெறில திட்டினப்போ முன்னாடி நின்னாரு. அந்த ஒரு விஷயத்துல அவர யாரும் கோழைன்னு சொல்ல முடியாது.

2024 ஃபைனல்ல ஸ்பெயின்கிட்ட தோத்ததும் ரெண்டே நாள்ல ராஜினாமா பண்ணிட்டாரு. பால்மர் உள்ள வந்து மூணு நிமிஷத்துல கோல் போட்டாரே, அவர மொதல்லயே ஆட வச்சிருந்தா? (தூத்துக்குடி)

தெரியல சார். ஸ்பெயின் அந்த டோர்னமெண்ட்ல ஏழு மேட்ச், ஏழும் ஜெயிச்ச டீம், ஓயர்சபால் 86ல போட்டத பால்மர் இருந்தும் தடுக்க முடியல. ஆனா மொதல்லயே ஆடியிருந்தா இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்காது, எனக்கும் தூக்கம் வந்திருக்கும்.

ஸ்லோவேனியா மேட்ச்சுக்கு ராத்திரி பன்னெண்டரைக்கு அலாரம் வச்சு எழுந்து ரெண்டரை வரைக்கும் முழிச்சிருந்தேன், காலைல ஆபீஸ் வேற. எனக்கு யாரு நஷ்டஈடு தருவாங்க? (தாம்பரம்)

நான் முப்பதாவது நிமிஷத்துலயே தூங்கிட்டேன். அடுத்த இதழ்ல அந்த மேட்ச்ச முழுசா பாத்த மாதிரியே ஒரு பக்கம் எழுதினேன், நீங்களும் படிச்சிருப்பீங்க. நஷ்டஈட என்கிட்டயே வாங்கிக்கங்க, ஆபீஸ் பக்கம் வந்தா ஒரு காபி.