ஒரு ஸ்போர்ட் டூரிங் பைக்கை மட்டுமே வைத்துக்கொண்டு அன்றாட வாழ்க்கையை ஓட்ட முடியுமா?

முடியும். கோயம்புத்தூரில் நான் அப்படித்தான் இருக்கிறேன். வீட்டில் கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது. அலுவலகம், காய்கறிச் சந்தை, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கவாஸாகி நிஞ்ஜா 1000 எஸ்எக்ஸ்தான், வேகத்துக்கும் நெடுந்தூரப் பயணத்துக்கும் சேர்த்துச் செய்த ஸ்போர்ட் டூரிங் பைக். இந்தக் கேள்வியை எழுதி அனுப்பிய நீங்கள் விலையையும் மைலேஜையும் கூடவே விசாரித்திருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் தினமும் எந்தச் சாலையில் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதை எழுதவில்லையே! பதிலில் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

என் வீடு பீளமேட்டில். வேலை அவிநாசியைத் தாண்டி, திருப்பூர் சாலையில். ஒரு வழிக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி தேசிய நெடுஞ்சாலை 544. நீலாம்பூரைக் கடந்து ஆறாவது கியரில் போட்டுவிட்டால் அவிநாசி வரை கியர் மாற்றும் வேலையே அநேகமாக வராது. 1043 சிசி, நான்கு சிலிண்டர். எண்பதில் போகும்போது இன்ஜின் நிமிடத்துக்கு நான்காயிரம் சுற்றைக்கூடத் தொடாமல் சோம்பலாக உருளும். முன்கண்ணாடி காற்றை நெஞ்சில் அறையவிடாது. கைப்பிடி உயரமாக இருப்பதால் ரேஸ் பைக்கைப் போல மணிக்கட்டில் உடம்பைத் தாங்க வேண்டியதில்லை. இதே தூரத்தை 150 சிசி வண்டியில் போய்வந்த காலத்தில், லாரிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் முறுக்குவதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. வீடு வந்து சேர்ந்ததும் யாரோடும் பேசப் பிடிக்காது. அந்த அலுப்பு இப்போது இல்லை. இன்னொரு சின்ன சந்தோஷமும் உண்டு. கணியூர் சுங்கச்சாவடியில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை. பத்து லட்ச ரூபாய் வண்டியும் பால்காரரின் மொபெட்டும் இடது ஓரத்துச் சந்தில் ஒன்றன்பின் ஒன்றாக இலவசமாகப் போகின்றன.

ஆக, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை தொல்லையே இல்லை. தொல்லையெல்லாம் நிற்கும்போதும் நிறுத்தும்போதும்தான்.

முதலில் சூடு. சித்திரை வெயிலில் ஹோப் காலேஜ் சிக்னலிலும் லட்சுமி மில்ஸ் சிக்னலிலும் அடுத்தடுத்து நின்றால் ரேடியேட்டர் விசிறி ஓட ஆரம்பிக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் அந்தக் காற்று வேறு எங்கே போகும்? உங்கள் முழங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும்தான். மெல்லிய பருத்திப் பேன்ட்டோ, வேட்டியோ கட்டிக்கொண்டு இதில் ஊர் சுற்றலாம் என்று கனவு காணாதீர்கள். தடித்த ஜீன்ஸும் கணுக்காலை மூடும் ஷூவும் கட்டாயம். நீண்ட சிவப்பு என்று தெரிந்தால் இன்ஜினை அணைத்துவிடுவேன். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தபிறகு அவிநாசி சாலையில் நின்று வேகும் நேரம் எனக்கு வெகுவாகக் குறைந்திருக்கிறது. காந்திபுரத்துக்குள்ளும் டவுன்ஹாலுக்குள்ளும் போகவேண்டிய வேலை இருந்தால் இன்றைக்கும் டவுன் பஸ்தான் ஏறுகிறேன். உங்கள் அலுவலகம் ஐந்தாறு கிலோமீட்டரில், அதுவும் கடைவீதி வழியாக என்றால், இதற்குமேல் படிக்காமல் ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. பெட்ரோல் நிரம்பிய நிலையில் 238 கிலோ. ஓடும்போது அந்த எடை எங்கே போகிறதென்றே தெரியாது. நடக்கும் வேகத்துக்கு வந்ததும் மொத்தமும் திரும்பி வந்து கால்மேல் உட்காரும். சீட் உயரம் 835 மில்லிமீட்டர், என் உயரத்துக்கு இரண்டு பாதத்தின் முன்பகுதி மட்டும் தரையில் படும். ரிவர்ஸ் கியர் கிடையாது. அதனால் எந்த இடத்தில் நிறுத்தினாலும், நிறுத்துவதற்கு முன்பே எப்படி வெளியே எடுப்பது என்று யோசிக்கும் பழக்கம் வந்துவிட்டது. கடைவாசல் சாக்கடைப் பக்கமாகச் சரிந்திருக்கிறதா? அப்படியானால் முன்சக்கரத்தை உள்ளே விடக்கூடாது. விட்டால் மேட்டில் பின்னோக்கித் தள்ள வேண்டும். பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்றிக்கொண்டு அது நடக்காது. வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக இறக்கி நிறுத்தினால் கிளம்பும்போது இன்ஜினே இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

என்னோடு எப்போதும் உள்ளங்கை அளவு இரும்புத் தகடு ஒன்று வைத்திருக்கிறேன், லேத் பட்டறையில் கழித்துப் போட்ட துண்டு. மண் தரையிலும் வெயிலில் இளகிய தாரிலும் சைடு ஸ்டாண்டு மெதுவாகப் புதையும். பத்து நிமிடம் கழித்து வந்தால் வண்டி படுக்கத் தயாராக இருக்கும். தகட்டில் ஓரமாக ஒரு துளை போட்டுக் கயிறு கட்டியிருக்கிறேன். ஸ்டாண்டை அதன்மேல் வைத்து இறங்க வேண்டியது, கிளம்பும்போது கயிற்றைப் பிடித்து மேலே இழுத்துக்கொள்ள வேண்டியது. குனிய வேண்டாம்.

கல்யாண மண்டபங்களில் பார்க்கிங் பார்த்துக்கொள்ளும் அண்ணன்மார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் இடம் பண்ணுவதற்காக வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி நகர்த்துவார்கள். என் வண்டியிலும் கை வைப்பார்கள். ஒரு முறை தூக்கிப் பார்ப்பார்கள், அசையாது. பிறகு என்னைப் பார்ப்பார்கள். "தம்பி, இது என்ன கனம், சாவியைக் கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். சாவியைக் கொடுப்பதில்லை, நானே மூலையில் ஓர் இடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். அப்புறம் அந்தக் கேள்வி வரும்: "எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?" ஏழு வயதுப் பையனும் கேட்பான், எழுபது வயதுத் தாத்தாவும் கேட்பார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது வண்டியின் கண்ணாடிகள் இரண்டும் வேறு திசையில் திரும்பியிருந்தால் யாரோ ஏறி உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோபித்துப் பயனில்லை. இந்த வண்டியோடு வரும் சீர்வரிசைகளில் இதுவும் ஒன்று.

வேகத்தடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாலைகளுக்கு அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் பரிந்துரைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு வளைவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் 25 கிலோமீட்டர் வேகத்தில் மெத்தென்று ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் இருப்பது ஆளாளுக்கு இஷ்டப்படி கட்டிய திண்டு. நிஞ்ஜாவின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது 135 மில்லிமீட்டர். தனியாகப் போனால் கொஞ்சம் சாய்வாக ஏற்றினால் தப்பிவிடும். பின்னால் ஆள் உட்கார்ந்து, பக்கவாட்டில் மாட்டும் பெட்டிகளிலும் சாமான் இருந்தால், வயிறு தட்டும் சத்தம் கேட்கும். நமக்கு வயிற்றைக் கலக்கும். என் தெருவுக்கு வர இரண்டு வழிகள் உண்டு. அரைக் கிலோமீட்டர் சுற்றாக இருந்தாலும் திண்டு இல்லாத வழியாகத்தான் வருகிறேன்.

சாமான் தூக்குவதில் எல்லாரும் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. பக்கத்துக்கு 28 லிட்டராக இரண்டு பெட்டிகள். சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போனால் ஒரு வாரக் காய்கறி அடங்கிவிடும். தக்காளியை மேலாக வைத்துத் துண்டு ஒன்றைச் செருகிவிட்டால் நசுங்காது. வாழைத்தண்டு மட்டும் பெட்டிக்குள் போகாது, சந்தையிலேயே மூன்றாக வெட்டித் தரச் சொல்ல வேண்டும். அரிசி மூட்டையைக் கடைக்காரரே கொண்டுவந்து போட்டுவிடுகிறார், கேஸ் சிலிண்டரும் வீடு தேடித்தான் வருகிறது. ஆனால் பெட்டிகளை மாட்டினால் வண்டியின் அகலம் கூடுகிறது. ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் இடையே புகுவதை மறந்துவிட வேண்டும். அதனால் வாரநாட்களில் ஒரு பெட்டிகூட மாட்டுவதில்லை, முதுகுப்பைதான்.

ஆட்களை ஏற்றுவதுதான் உண்மையான இழப்பு. அம்மா இதில் ஒருநாளும் ஏறியதில்லை, ஏறப்போவதும் இல்லை. மருத்துவமனை, கோயில் என்றால் டாக்சி கூப்பிடுகிறோம். பின்சீட்டு உயரம், ஒருபக்கமாக உட்காரும் பேச்சே இல்லை. சேலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும் நாட்களில் மனைவியும் அம்மாவும் டாக்சியில் முன்னால் போவார்கள், நான் பின்னால் ஹெல்மெட்டோடு போவேன். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். கார் வைத்திருந்தால் ஆகும் தவணையையும் காப்பீட்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் டாக்சிச் செலவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்தக் கணக்கு எடுபடாது.

மழையும் காற்றும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று, காலையில் அவிநாசி நோக்கிப் போகும்போது முதுகில் தள்ளும், மாலையில் முகத்தில் மோதும். அதுவரை சரி. ஞாயிற்றுக்கிழமை மதுக்கரைப் பக்கம் போக நீலாம்பூர் பைபாஸில் தெற்கே திரும்பினால் அதே காற்று விலாவில் இடிக்கும். அகன்ற முகப்பும் பெட்டிகளும் காற்றுக்குப் பாய்மரம் விரித்தாற்போல. லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில் வண்டி அரையடி நகர்ந்துவிடும். கைகளைத் தளர்த்தி, தொடையால் டேங்கை இறுக்கிக்கொண்டால் சமாளிக்கலாம். ஐப்பசி மழையில் முன்கண்ணாடியின் தயவால் நெஞ்சு நனையாது, தொடைக்குக் கீழே நனைந்துவிடும். லங்கா கார்னர் ரயில்வே பாலத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் நான் இறங்குவதில்லை.

இப்போது பணம். ஊருக்குள் லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 19, 20. பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியிருப்பதால், என் எண்பது கிலோமீட்டருக்கு ஒரு நாளைக்கு நானூறு ரூபாய்க்குக் குறையாது. டேங்க் 19 லிட்டர், அதாவது வாரத்தில் இரண்டு முறையாவது பங்க் வாசலில் நிற்க வேண்டும். காப்பீட்டில் மூன்றாம் நபர் பிரீமியம் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆண்டுக்கு 2,804 ரூபாய், இது பெரிய தொகை அல்ல. சொந்தச் சேதத்துக்கான பகுதிதான் கடிக்கும். உண்மையில் பர்ஸைக் காலி செய்வது டயர். பின்சக்கரத்தில் 190 மில்லிமீட்டர் அகல டயர். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடுவதால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரம் புதிதுபோல் பளபளக்கும். அப்படித் தேய்ந்த டயரோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி முதலில் சாய மறுத்து, பிறகு சட்டென்று விழும். பத்தாயிரம் கிலோமீட்டரை ஒட்டி மாற்றிவிடுகிறேன். முன்னும் பின்னும் சேர்த்து மாற்றினால் நாற்பதாயிரத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்; அதற்கு முன்பு செஸ் உட்பட 31. அதோடு தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 12 சதவீதம். நான் ஓராண்டு ஓடிய வண்டியை வாங்கினேன்; இன்று வாங்கினாலும் அதையேதான் செய்வேன்.

பராமரிப்பில் அடிக்கடி வருவது சங்கிலி வேலை மட்டும். அறுநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போட வேண்டும். என் ஓட்டத்துக்கு அது பத்து நாளைக்கு ஒருமுறை. சென்டர் ஸ்டாண்டு இல்லாததால் பின்சக்கரத்தைத் தூக்கும் பேடாக் ஸ்டாண்டு ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும், சங்கிலி வெதுவெதுப்பாக இருக்கும்போதே போட்டால் இரவில் ஊறிவிடும். பஞ்சர் ஒட்டும் ஊசியும் சின்னக் காற்றடிக்கும் பம்பும் சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். சாலையோரக் கடைக்காரர் திறமையானவராக இருந்தாலும் இந்தச் சக்கரத்தைக் கழற்ற அவரிடம் வசதி இருக்காது.

ஒரே வண்டி என்பதன் கஷ்டம் முழுதாகத் தெரிவது சர்வீஸ் நாட்களில். உள்ளே விட்டால் மாலையில் கொடுத்துவிடும் வண்டி அல்ல இது. ஒரு கிளட்ச் லீவருக்காக வாரக்கணக்கில் திருப்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறேன். இப்போது இரண்டு லீவர்கள், பிரேக் பேட் ஒரு ஜோடி, ஆயில் ஃபில்டர் எல்லாம் அலமாரியில் முன்கூட்டியே இருக்கின்றன. பஸ் வசதி இல்லாத ஊரில் இருப்பவருக்கு நான் இந்த வண்டியைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

வாங்கப் போவது உறுதி என்றால், முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் அலுவலகப் பாதையில் அதை ஓட்டிப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஓட்டக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறகு உங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, இன்ஜினை அணைத்து, நீங்கள் ஒருவரே அதைத் திருப்பி நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள்.