கேள்வி–பதில்: கால்கேரியில் ஓடுவதும் நின்றதும்

கேள்வி: 1988 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கனடாவின் கால்கேரி நகரில் கட்டிய அரங்குகள் இப்போதும் இயங்குகின்றனவா?

பதில்: எல்லாம் இல்லை. மிக நன்றாக இயங்குவது பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஒலிம்பிக் ஓவல். குளிர்கால ஒலிம்பிக் வரலாற்றில் கூரைக்குள் ஸ்பீட் ஸ்கேட்டிங் (பிளேடு பொருத்திய காலணியோடு ஐஸில் விரையும் போட்டி) நடந்தது இங்கேதான் முதல்முறை. ராக்கி மலையிலிருந்து இறங்கும் ‘ஷினூக்’ வெப்பக்காற்று சில மணி நேரத்தில் திறந்தவெளி ஐஸைக் கெடுத்துவிடும், அதனால்தான் கூரை. 400 மீட்டர் தடத்துக்கு நடுவே ஐஸ் ஹாக்கித் திடல்கள், சுற்றி ஓட்டப்பாதை. மாணவர்களும் ஊர் மக்களும் தினமும் வந்துபோகிறார்கள். ஓவல் பிழைத்ததற்கு அதுவே முதல் காரணம். போட்டி முடிந்ததும் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய வைப்பு நிதி இரண்டாவது.

கேள்வி: ஓவலில் ஏன் அத்தனை உலகச் சாதனைகள்?

பதில்: ஊர் 1,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் காற்றின் எதிர்ப்பு குறைவு. மற்றது ஐஸ் போடுபவர்களின் கைத்திறன். கான்கிரீட் தளத்துக்குள் குளிர்குழாய்கள் ஓடும். மேலே சில சென்டிமீட்டர் ஐஸ்தான். தாது உப்பு நீக்கிய நீரை மெல்லிய அடுக்குகளாக ஊற்றி உறையவைக்க வேண்டும். உப்பு மிஞ்சினால் ஐஸ் மென்மையாகும். மேற்பரப்பைப் புதுப்பிக்க வெந்நீர்தான் ஊற்றுவார்கள்: கீறல்களின் விளிம்பை உருக்கி, பழைய ஐஸோடு ஒட்டிக்கொள்ளும், கரைந்த காற்றும் அதில் குறைவு. அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் ஐஸ் நொறுங்கும், சூடேறினால் பிளேடு புதையும். அரங்கில் ஈரப்பதம் கூடினால் ஐஸின் மேல் உறைபனி படிந்து வேகம் போய்விடும்.

கேள்வி: பாப்ஸ்லெட் (ஐஸ் தடத்தில் சறுக்கி இறங்கும் வண்டி) தடத்தை ஏன் மூடினார்கள்?

பதில்: ஜமைக்கா அணி சறுக்கிக் கவிழ்ந்த அதே தடம். 2019-இல் மூடினார்கள். புதுப்பிக்கச் சுமார் 2.5 கோடி கனடிய டாலர் தேவைப்பட்டது. அதில் ஏறக்குறைய 80 லட்சம் கிடைக்கவில்லை. இத்தகைய தடங்களில் அமோனியா ஓடும் குழாய்கள் வளைந்த கான்கிரீட்டுக்குள்ளேயே புதைந்திருக்கும். ஒரு கசிவைச் சரிசெய்யவும் கான்கிரீட்டை உடைக்க வேண்டும். அமோனியா நச்சு என்பதால் அலட்சியத்துக்கும் இடமில்லை. இவ்வளவு செலவுக்கும் சறுக்க வருபவர்கள் மிகச் சிலர். 2006 டூரின் போட்டிக்காகக் கட்டிய செசானா தடமும் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. ஆகவே, பக்கத்து நாட்டில் தடம் இருந்தால் புதிதாகக் கட்டாமல் அங்கேயே போட்டியை நடத்துவதுதான் சரி.

கேள்வி: கால்கேரி மீண்டும் போட்டியை நடத்துமா?

பதில்: 2026 போட்டியைக் கேட்கலாமா என்று 2018 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. 56 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள்; நகரம் விலகிக்கொண்டது.