தம்புராவை விழுங்கும் காது மெஷின் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் திருச்சிக்காரன். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், வயது 69. பாடத் தெரியாது, கேட்க மட்டும் தெரியும். சின்ன வயதில் திருச்சி வானொலி, அப்புறம் ரசிக ரஞ்சன சபா, ஜனவரியில் தியாகராஜ ஆராதனைக்குத் திருவையாறு, டிசம்பரில் லீவைச் சேர்த்துவைத்து இசை விழாவுக்கு மெட்ராஸ் என்று திரிந்தவன். இப்போது சர்க்கரை சிறுநீரகத்தில் கைவைத்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி காலையில் டயாலிசிஸ். காதும் மந்தம். மகள் வற்புறுத்திக் காது மெஷின் வாங்கிக்கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டால் தம்புரா திடீர் திடீரென்று மங்கிப்போகிறது, புல்லாங்குழலில் ஒரே ஸ்வரத்தில் ஒரு நீளக் கார்வை வந்தால் நடுங்குகிறது. கழற்றினால் ராகம் கேட்கிறது, சாகித்யம், அதாவது பாட்டின் வார்த்தைகள், ஒன்றும் பிடிபடவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆசைப்பட்டு ஒரு கச்சேரிக்குப் போனேன். ஆலாபனை நடக்கும்போதே தலை சுற்றி எழுந்து வர வேண்டியதாகிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தார். இனிமேல் ரசிகன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை உண்டா? மகன் ‘இந்த ராகம் கேட்டால் பிபி இறங்கும்’ என்று தினமும் வாட்சப்பில் அனுப்புகிறான், அதைப் பார்த்தால்தான் பிபி ஏறுகிறது.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். ராத்திரி அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தால் உள்ளே தம்புரா மாதிரி ஓயாமல் ஓடுகிறது. எனக்கு மிச்சமிருக்கிற நேரடிக் கச்சேரி இதுதான் என்று மனைவியிடம் சொல்வேன்.

இரண்டு பெட்டி நிறையக் கேசட் இருக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடலாமா? பெயர் போட வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள சார்,

முதலில் கை. படித்ததும் சிரித்துவிட்டேன், ஆனால் தயவுசெய்து அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்காதீர்கள். அழுந்திக் கிடந்தால் ரத்தம் உறைந்து ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளலாம். விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லியிருப்பார்கள், அது போதும். என்றைக்காவது அது நின்றுபோயிருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். அந்தக் கையில் பிபி பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடக்கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்போது காது. உங்கள் காதைவிட மெஷின் மேல்தான் எனக்குச் சந்தேகம். பேச்சு புரிய வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட சாதனம் அது. விட்டுவிட்டு வருகிற சத்தம் பேச்சு, ஒரே சீராக ஓடுகிற சத்தம் இரைச்சல், இதுதான் அதன் கணக்கு. மின்விசிறியை அமுக்குகிற அதே புத்தியோடு தம்புராவையும் அமுக்கிவிடும். அப்புறம், மெஷினே சில நேரம் விசில் அடிக்கும் அல்லவா, அதைத் தடுக்க உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது. புல்லாங்குழல்காரர் மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் ‘ஸ’வில், நீளமாக நின்றால் அதுவும் தன்னுடைய விசில்தான் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். நீங்கள் கேட்கிற நடுக்கம் அதனால் வருவதாகத்தான் இருக்கும். ஆகவே காது மெஷினைச் சரிசெய்து தருகிற ஆடியாலஜிஸ்டிடம் போய் ‘சரியாகக் கேட்கவில்லை’ என்று சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் சத்தத்தைக் கூட்டித்தான் அனுப்புவார்கள். இசைக்கென்று தனி புரோகிராம் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் இரைச்சல் குறைப்பை நிறுத்தச் சொல்லுங்கள், விசில் தடுப்பை நிறுத்தவோ தளர்த்தவோ முடியுமா என்று கேளுங்கள், உச்ச ஒலிகளைக் கீழே இறக்கித் தருகிற வசதி போட்டிருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள், அது சுருதியையே குழப்பும். கையோடு ஒரு தம்புரா, ஒரு குழல் பதிவைக் கொண்டுபோய் அங்கேயே ஓடவிட்டுக் காட்டுங்கள். பெரிய அரங்கத்தில் மைக் அலறும் இடத்தில் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிற ரசிகர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஒரு வழிதான்.

சாகித்யம் பிடிபடாமல் ராகம் மட்டும் கேட்பதற்கும் காரணம் உண்டு. வயதானால் காது மேலிருந்து கீழாகத்தான் இழக்கும். ச, த, ட மாதிரி எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது உச்ச ஒலிகள், அவை முதலில் போகும். பாடகர் பிடிக்கிற ஸ்வரங்கள் பெரும்பாலும் அதற்கு ரொம்பக் கீழே இருப்பதால் ராகம் தங்கிவிடுகிறது. சாகித்யம் உங்களுக்கு முன்பே மனப்பாடம், ராகம்தானே அன்றன்றைக்குப் புதிதாக வருவது, ஆகவே போனதைவிட இருப்பது பெரிது என்றே சொல்வேன். பாடகர் எம்.டி. ராமநாதனை எடுத்து வைத்துக் கேளுங்கள். அவருடைய கீழ்ச்சுருதியும் அவசரமில்லாத காலப்பிரமாணமும் (பாடும் வேகமும்) உங்கள் காதுக்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். அந்தக் காலத்தில் அவரைத் ‘தூக்கம் வருகிறது’ என்று ஒதுக்கியவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் இப்போது சரிசெய்துகொள்ளலாம்.

தலைசுற்றலுக்கு வருகிறேன். வெள்ளி காலையில் டயாலிசிஸ், வெள்ளி சாயங்காலம் கச்சேரி! உடம்பிலிருந்து நீரை இழுத்துவிட்ட அன்று பிபி இறங்கும், ஆள் துவண்டு கிடப்பார், அன்றைக்குப் போய் இரண்டரை மணி நேரம் உட்காரலாமா? உங்கள் அட்டவணைக்குச் சனிக்கிழமைதான் கச்சேரி நாள். ஞாயிறு மாலை பார்க்க வசதியாகத் தெரியும், ஆனால் வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் வருகிற நீண்ட இடைவெளியின் கடைசி அது, நீர் ஏறிக்கிடக்கும், மூச்சு வாங்கும். மூன்றாவது வரிசையில் நடுவில் உட்காருகிற பழக்கத்தை விட்டு ஓரத்து சீட்டுக்கு மாறுங்கள். கேன்டீனில் உப்பான எதையும் தொடாதீர்கள், உப்பு தாகத்தைக் கிளப்பும், அளந்து குடிக்கிற தண்ணீரில் அது தீராது. டிசம்பரில் மெட்ராஸ் போக ஆசையிருந்தால், டாக்டர் சரி என்று சொன்னபின், அங்கே ஒரு சென்டரில் முன்கூட்டியே நேரம் வாங்கிவிட்டு, கடைசி டயாலிசிஸ் குறிப்பும் மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி, அதோடு ஹெச்ஐவி பரிசோதனை ரிப்போர்ட்டும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். இந்த ரிப்போர்ட் இல்லாமல் வெளியூர்க்காரரைப் படுக்கையில் ஏற்றத் தயங்குவார்கள்.

ஆலாபனையில் எழுந்து வந்ததற்கு வருத்தப்படுகிறீர்கள். மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் காப்பிக்குக் கிளம்புகிற ஊர் இது, மிருதங்கக்காரர் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார். அவர்களில் யாரும் தனக்கு யோக்கியதை உண்டா என்று எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

டயாலிசிஸ் படுக்கையை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நாலு மணி நேரம். முழுக் கச்சேரி என்று உங்கள் தலைமுறை எதைச் சொல்லுமோ அந்த நீளம் இப்போது சபாக்களில் அபூர்வமாகத்தான் கிடைக்கிறது, வாரத்துக்கு மூன்று முறை உங்களுக்கு அது கிடைக்கிறது. வார்டில் சீரியல் ஓடும், டயாலிசிஸ் மெஷின் எந்தச் சுருதியிலும் சேராமல் கத்தும், அதனால் காதை மூடுகிற பெரிய ஹெட்ஃபோன் வாங்கிக்கொள்ளுங்கள், சத்தத்தை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். இடது கை அசையக்கூடாது, வலது கை சும்மாத்தானே இருக்கிறது, தாளம் போடலாம். இரண்டாவது மணியில் தூங்கிப்போனால் போகட்டும்.

மகனிடம் சண்டை வேண்டாம். ஊசி குத்தும்போது பாட்டுக் கேட்டால் வலியும் பயமும் கொஞ்சம் குறைகின்றன என்று சொல்கிற ஆய்வுகள் உண்டு, அதுவரை சரி. இன்ன ராகம் இன்ன நோய்க்கு என்ற பட்டியலை நான் நம்பவில்லை. அப்படிக் கேட்க ஆரம்பித்தால் ஆனந்தபைரவி ராகம் வரும்போது நீங்கள் பிபி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மாத்திரையை மாத்திரை பார்த்துக்கொள்ளட்டும், பாட்டைப் பாட்டாகக் கேளுங்கள்.

கேசட்டை இப்போதே கொடுக்காதீர்கள். வீட்டில் நீங்களோ நண்பர்களோ பதிவு செய்தவை இருக்குமே, அவற்றில் யார் பாடியது, பக்கவாத்தியம் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். லேபிளில் பென்சிலால் ‘திருச்சி, நல்ல தோடி’ என்று மட்டும் எழுதி வைத்திருப்பீர்கள், அதை வைத்துக்கொண்டு வாங்குகிறவர் என்ன செய்வார்? செவ்வாய், வியாழன் என்று உடம்பு ஒத்துழைக்கிற நாட்களில் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதி முடித்தபின் கணினியில் ஏற்றத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிற கேசட்டை மட்டும் பிளேயரில் போட்டுப் பார்க்காமல் தனியே எடுத்து வையுங்கள், அது பிளேயரின் ஹெட்டைக் கெடுத்து அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.