அவரைக்கும் புளிக்கும் என்ன உறவு?

அன்புள்ள ஐயா,

அவரை, புளி, கொன்றை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம் என்கிறாள் என் மகள். விஷுக்கணிக்கு வைத்த கொன்றைப் பூவையும் அவரைப் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஜாடையே இல்லை. அந்தக் குடும்பம் என்பதால் புளிய மரத்தடி மண்ணுக்குத் தழைச்சத்து சேரும் என்றும் சொல்கிறாள். நிஜமா? (பெயர் வேண்டாம்.)

ஒரு வாசகி, அகளி

அன்புள்ள அம்மா,

முதல் விஷயத்தில் மகள் ஜெயித்துவிட்டாள். இரண்டாவதில் இல்லை.

பூவில் ஜாடை தேடியதுதான் சிக்கல். அவரைப் பூவில் மேலே ஒரு பெரிய இதழ், பக்கத்துக்கு ஒன்று, கீழே படகு மாதிரி ஒட்டிக்கொண்ட இரண்டு. கொன்றைக்கு ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதே குடும்பத்துத் தொட்டாற்சிணுங்கியில் இதழைத் தேடத்தான் வேண்டும்; கண்ணில் படுகிற இளஞ்சிவப்புப் பஞ்செல்லாம் மகரந்தக் கம்பிகள்.

காயைப் பாருங்கள். ஆட்டுக்கொம்பு அவரை உங்கள் அட்டப்பாடிச் சொத்து. 2022இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. அவரைக்காய் ஆய்கிறபோது இரண்டு ஓரத்திலும் நார் உரிப்பீர்கள் அல்லவா? ஓர் இலையை நடுநரம்பில் மடித்து ஓரங்களை ஒட்டினாற்போன்றது அந்தக் காய். ஒரு நார் நடுநரம்புப் பக்கம், இன்னொன்று ஒட்டிய பக்கம். விதைகள் ஒட்டிய பக்கத்தில்தான் தொங்கும். முற்றிய காயைப் பிளந்தால் ஒரு விதை இந்தப் பாதியில், அடுத்தது அந்தப் பாதியில் என்று மாறி மாறி நிற்கும். புளிக்கும் அடிப்படை அதுதான்: ஓடு உடைத்ததும் நரம்பை உருவி எறிகிறோமே! என்ன, புளி தானாக வெடிக்காது. கொன்றைக்காயும் அப்படியே. நிலக்கடலையோ வெளியே பூத்துவிட்டு மண்ணுக்குள் போய்க் காய்க்கும். ஆந்திரச் சேஷாசல மலைச் செம்மரத்துக்கு வட்டமான இறக்கை வைத்த காய்.

சுமார் 19,500 இனம் உள்ள குடும்பத்தில் இதெல்லாம் சகஜம். முன்பு பூவை வைத்து மூன்று கிளையாகப் பிரித்திருந்தார்கள். 2017இல் மரபணுவைப் பார்த்து ஆறாக்கினார்கள். அவரை ஒரு கிளை, புளி வேறு கிளை. கொன்றையும் தொட்டாற்சிணுங்கியும் ஒரே கிளை! உங்கள் மூன்றும் குலதெய்வம் ஒன்றான தூரத்துப் பங்காளிகள்.

சரி, மண். தழைச்சத்து என்றால் நைட்ரஜன். அதைக் காற்றிலிருந்து பிடிப்பது வேர்முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. புளிக்கும் கொன்றைக்கும் அந்த முடிச்சே கிடையாது. அந்த மரங்களின் அடியில் சேர்வது உதிர்ந்த இலையின் மக்கு மட்டும். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கடலைக்காட்டில், வேரில் இருந்த முடிச்சுகளைப் பூச்சிமுட்டை என்று நினைத்து நான் நசுக்கியிருக்கிறேன். உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தின் நிறம் அது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

மகளிடம் ஒரு துவரங்கன்றையும் ஒரு புளியங்கன்றையும் மண்ணோடு தோண்டியெடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பார்க்கச் சொல்லுங்கள். பிடுங்க வேண்டாம், முடிச்சு அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும்.