எந்த வீடு நடுவில்?

ஐயா,

கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். அப்பா பாதுகாவலர், அம்மாவுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை, நான் கிளினிக்கில். தம்பி மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவனுக்கு 1,200 வெள்ளி (ரிங்கிட்). நால்வருக்கும் சேர்த்து மாதம் 6,400. 2022 கணக்கெடுப்பில் கோலாலம்பூரின் இடைநிலைக் குடும்ப வருமானம், அதாவது பாதி வீடுகள் மேலேயும் பாதி கீழேயும் நிற்கும் நடுத்தொகை, 10,234 என்று படித்தபோது நாங்கள் எங்கோ அடியில் கிடப்பதாகத் தோன்றியது. ஆனால் 2023-இல் தங்கையின் கல்வி உதவிக்கு விண்ணப்பித்தபோது, ‘நீங்கள் எம்40, நடு வருமான 40 விழுக்காட்டுக் குடும்பம்’ என்று திருப்பிவிட்டார்கள். நாங்கள் ஏழையா, நடுத்தரமா? மறுபடி விண்ணப்பிக்கும்போது தம்பியை வேறு விலாசத்தில் காட்டிவிடலாம் என்கிறார் அப்பா.

வி., செந்தூல்

அன்புள்ள வி.,

இரண்டு எண்களும் சரிதான். கோலாலம்பூரோடு நிறுத்தினால் நீங்கள் கீழ்ப்பாதியில் நிற்கிறீர்கள். 2022-இல் நாட்டின் இடைநிலை 6,338; அங்கே ஒரு விரற்கடை மேலே. பி40, அதாவது கீழ் 40 விழுக்காட்டுக் குடும்பங்களின் எல்லைக்கோட்டை நாடு முழுவதற்கும் 5,250 வெள்ளியில் கிழித்திருந்தார்கள். செந்தூலின் வாடகை அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. கணக்கெடுப்பு ஆளை எண்ணுவதில்லை, உலையை எண்ணுகிறது. ஒரே உலையில் அரிசி போடுகிறவர்கள் ஒரு குடும்பம். 2022 மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ஆனது. அந்தச் சம்பளத்துக்கு ஒரு வீட்டில் நான்கு பேர் உழைத்தால் 6,000 வெள்ளி, ஏட்டில் நடுத்தரம். சட்டத்தின் கடைசிப் படியில் நான்கு பேரை நிறுத்தினால் நடுத்தர வர்க்கம் பிறந்துவிடுகிறது! உங்கள் தம்பி கல்யாணம் செய்துகொண்டு கெப்போங்கில் அறை எடுத்தால், யாருக்கும் ஒரு காசு குறையாமலே உங்கள் வீடு 5,200-க்கு இறங்கி பி40 ஆகிவிடும்.

என் கீழ்வீட்டில் ஐந்து பேர் சம்பாதிக்கிறார்கள். அந்த வாசலில் ஐந்து ஜோடிக் காலணிகளும் சேர்ந்து கிடந்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் கறுப்பு பூட்ஸ் வாசலுக்கு வரும் நேரத்தில் மகனின் சப்பாத்து படியிறங்கிக்கொண்டிருக்கும். அவர்களும் பட்டியலில் எங்கோ நடுவில்தான் இருப்பார்கள்.

தம்பியின் அந்த 1,200 எது? செயலி காட்டிய தொகையா, பெட்ரோலும் டயரும் போக மிஞ்சியதா? பெட்ரோல் நிலையத்தில் விட்டுவந்த பணத்தையும் வருமானம் என்று எழுதிக்கொடுத்துவிடுவது நம் ஆட்களின் வழக்கம். 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி சேமநிதியில் 13 விழுக்காடு போட வேண்டும். தம்பிக்கு அப்படிப் போட ஆளில்லை. எந்த விண்ணப்பப் பாரத்திலும் அதற்குக் கட்டம் நான் பார்த்ததில்லை.

விலாசம் மாற்றுகிற வேலை வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பிடிபட்டால் கறை தங்கையின் பெயரில்தான் விழும். மேல்முறையீடு எழுதுங்கள். ‘ஆறு பேர் சாப்பிடுகிறோம், தலைக்கு 1,067 வெள்ளி’ என்று முதல் வரியிலேயே வரட்டும். சம்பளச் சீட்டுகளோடு தம்பியின் மூன்று மாதப் பெட்ரோல் ரசீதுகளையும் இணையுங்கள். அந்த ரசீது மை வெளுத்துவிடும், இன்றே நகல் எடுத்து வையுங்கள்.