ஸ்டேஷனில் வாயைத் திறக்கலாமா?

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தென்காசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம். என் சித்தி மகன் பஸ் ஸ்டாண்டு ஓரமாகக் கடை போட்டுப் பழைய செல்போன் வாங்கி விற்கிறான், ரிப்பேரும் பார்க்கிறான். போன வாரம் ஏட்டு ஒருவர் அவனைப் போனில் கூப்பிட்டு, “நீ வாங்குன செட்டுல ஒண்ணு திருட்டு செட்டுன்னு வருது. நாளைக்கு ஸ்டேஷன் வந்துட்டுப் போ, சும்மா ஒரு என்கொயரிதான்” என்றிருக்கிறார். இவன் காய்ச்சல் என்று சொல்லித் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறான்.

வீட்டில் இப்போது இரண்டு கட்சி. சித்தப்பா ரிட்டயர்டு வாத்தியார். “மடியில கனமில்லேன்னா வழியில பயமில்ல. போயி நடந்ததை நடந்தபடி சொல்லிட்டு வா” என்கிறார். தம்பியின் கூட்டாளி ஒருவன், யூடியூப்பில் அமெரிக்க வக்கீல்கள் பேசுவதையெல்லாம் பார்ப்பவன். “போலீஸ் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே, அது உன் உரிமை” என்கிறான். எனக்கு இரண்டும் சரி என்றும் படுகிறது, இரண்டும் தப்பு என்றும் படுகிறது. தப்பு செய்யாதவன் ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்? மூடிக்கொண்டால் சந்தேகம் கூடத்தானே செய்யும்? நீங்கள் கோர்ட்டில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
தென்காசி வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

தம்பி திங்கட்கிழமை போயாக வேண்டும் என்பதால் உங்களுக்குத் தனியாக அன்றே சுருக்கமாக எழுதிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம் அந்தக் கூட்டாளிதான். அவரைப் போல் நிறையப் பேர் இப்போது கிளம்பியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் அது நல்ல அறிவுரை. அங்கே போலீஸிடம் சொன்ன ஒப்புதல் நேராக ஜூரியின் முன்னால் போய் நிற்கும். அதனால்தான் 1966இல் மிராண்டா வழக்கில், காவலில் வைத்துக் கேள்வி கேட்கும் முன் “நீ பேசாமல் இருக்கலாம், பேசினால் அது உனக்கு எதிராகப் பயன்படும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்” என்று சொல்லியே ஆகவேண்டும் என அவர்களுடைய உச்ச நீதிமன்றம் விதித்தது. நம் சட்டம் வேலியை வேறு இடத்தில் போட்டிருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதே விஷயம் புதுச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரனே தன் போலீஸை நம்பவில்லை. நாம் மட்டும் ஏன் நம்பவேண்டும் என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

அப்படியானால் பயமில்லாமல் பேசலாமே என்றால், அந்த வேலியில் ஓர் ஓட்டை இருக்கிறது. பழைய எண்ணில் 27ஆம் பிரிவு. காவலில் இருப்பவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். புலுகூரி கோட்டய்யா வழக்கில் 1946 டிசம்பரில், அன்று நமக்கும் கடைசிக் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு ஓர் உதாரணம் சொன்னது. “என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்” என்று ஒருவன் சொல்கிறான். கத்தி கிடைத்தால் அந்த வாக்கியம் செல்லும். கூடவே “அதை வைத்துத்தான் இன்னாரைக் குத்தினேன்” என்று சொல்லியிருந்தால் அந்தப் பகுதி செல்லாது. அன்றிலிருந்து நம் ஸ்டேஷன்களில் எழுதப்படும் வாக்குமூலங்களைப் பாருங்கள். எந்த ஊர், எந்த வழக்கு என்றில்லை, கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: “என்னை அழைத்துச் சென்றால் மேற்படி பொருளை மறைத்து வைத்திருக்கும் இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன்.” பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து, பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும். எழுதப் படிக்கத் தெரியாத ஆடு மேய்ப்பவரும் டிகிரி முடித்த பையனும் ஒரே நடையில் பேசியிருப்பார்கள். அந்த நடை ஸ்டேஷன் ரைட்டருடையது.

நான் சொல்ல வருவது இதைத்தான். நம்மூரில் ஆளைச் சிக்க வைப்பது பேச்சைவிடக் காகிதம். அதனால் “பேசலாமா, வேண்டாமா” என்பதைவிட “எந்தக் காகிதத்தின் பேரில் போகிறேன், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன்” என்பது பெரிய கேள்வி.

இதற்கு நம்மிடமே கசப்பான உதாரணம் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. பயங்கரவாதத் தடுப்புக்கென்று அப்போதிருந்த தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு, நான் மேலே சொன்ன வேலியைப் பிடுங்கிப் போட்டிருந்தது. எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும் என்றது. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்: குண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரியை எதற்கு வாங்கச் சொன்னார்கள் என்று தனக்குத் தெரியாது என அந்தப் பையன் கூறியிருந்தான், அந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை என்று. பின்னால் உச்ச நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். அதற்குள் மரண தண்டனை 1999இல் உறுதியாகி, 2014இல் ஆயுளாகக் குறைந்திருந்தது. விடுதலை 2022 மே 18. விட்டுப்போனது ஒரே ஒரு வாக்கியம். “நடந்ததை நடந்தபடி சொல்லிட்டு வா” என்கிற உங்கள் சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்வது தம்பியின் கையில் இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி எழுதுவது அவன் கையில் இல்லை.

இனி மௌனத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 20(3) பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. இது கோர்ட் கூண்டில் மட்டுமா, ஸ்டேஷன் பெஞ்சிலுமா என்று தீர்த்துச் சொன்னது 1978ஆம் ஆண்டு நந்தினி சத்பதி வழக்கு. ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர். சொத்துக் குவிப்புப் புகாரில் கட்டாக் விஜிலன்ஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி நீளமான கேள்விப் பட்டியலை நீட்டினார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார். மறுத்ததற்காகவே தனியாக வழக்கு. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், இந்தப் பாதுகாப்பு போலீஸ் விசாரணைக் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது, தன்னைச் சிக்க வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம், வக்கீல் உடன் இருக்கக் கேட்டால் மறுக்கக் கூடாது என்றார். பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதையும் கண்டித்தார். ஆனால் அதே தீர்ப்பு, சிக்க வைக்காத மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லத்தான் வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் கூட்டாளியின் வீடியோவில் இந்தப் பாதி இருக்காது. முதலமைச்சராக இருந்தவரே இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டம் இன்றும் அப்படியே. புதுக் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180ஆம் பிரிவு, விசாரணை அதிகாரி கேட்பதற்கு, விசாரிக்கப்படுபவர் உண்மையாகப் பதில் சொல்லக் கட்டுப்பட்டவர் என்கிறது. தன்மேல் குற்றச்சாட்டு விழக்கூடிய கேள்விகளுக்கு மட்டும் விலக்கு. மொத்தமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், சட்டப்படியான கேள்விக்குப் பதில் மறுத்தார் என்று அதற்கே ஒரு பிரிவு இருக்கிறது. பொய் சொல்வது இரண்டையும்விட மோசம்.

தம்பி விஷயத்தில் இது எப்படி? கடை யாருடையது, எந்த வருஷத்திலிருந்து நடக்கிறது, வாங்கும் செட்டுக்கு ரிஜிஸ்டர் வைக்கிறாயா, ஐ.எம்.இ.ஐ. நம்பர் எழுதுகிறாயா, விற்றவனிடம் ஆதார் நகல் வாங்கினாயா? இதற்கெல்லாம் தாராளமாகப் பதில் சொல்லலாம், ரிஜிஸ்டர் ஒழுங்காக இருந்தால் சொல்வதுதான் நல்லது. ஐந்தாறு கேள்விக்குப் பிறகு, டீ வந்தபின், சிரித்துக்கொண்டே ஒன்று வரும்: “ஏம்ப்பா, பன்னெண்டாயிரம் ரூபா செட்டை ரெண்டாயிரத்துக்குக் குடுக்கிறானே, உனக்கு ஒரு சந்தேகமும் வரலையா?” சாதாரணப் பேச்சு போலத்தான் இருக்கும். “லேசா வந்துச்சு சார், அவசரமாப் பணம் வேணும்னான், வாங்கிட்டேன்” என்று வெள்ளந்தியாகச் சொல்வான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது தனிக் குற்றம். அந்த நிமிஷம் வரை சாட்சியாக இருந்தவன் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனாக, ஆகிப்போவது இந்தப் பதிலால்தான். கோர்ட்டில் அந்தப் பேச்சு செல்லாமல் போகலாம். விசாரணை எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பது அதற்குள் முடிவாகிவிடும். மௌனம் வேண்டியது இந்த இடத்தில். முறைத்துக்கொண்டு உட்காராமல், “சார், இதுக்கு வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

சந்தேகம் கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். போலீஸுக்குக் கூடும், மறைக்க என்ன இருக்கிறது? கோர்ட்டுக்குச் சந்தேகம் அதிகமாகக் கூடாது. இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, போலீஸிடம் சொல்லாமல் விட்டதை விசாரணையில் புதிதாகச் சொன்னால் ஜூரி அதைப் பாதகமாக எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஸ்டேஷன் மௌனத்தை வைத்துக் குற்றத்தைத் தீர்மானிக்க முடியாது. அமலாக்கத் துறை, சுங்கத் துறை கதை வேறு. அவர்கள் போலீஸ் அதிகாரிகள் அல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டதால், அங்கே கொடுக்கும் வாக்குமூலம் பொதுவாகச் சாட்சியமாகவே போகும். தம்பிக்கு அந்த யோகமெல்லாம் வராது என்று நம்புவோம்.

நான் பயப்படுவது போன் அழைப்புக்குத்தான். சாட்சியாக வரச் சொல்வதென்றால் அதே சன்ஹிதாவின் 179ஆம் பிரிவின்படி எழுத்தில் உத்தரவு வேண்டும். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் 15 வயதுக்குக் குறைந்த பையன்களையும் வீட்டை விட்டு வரச் சொல்லவே கூடாது. சந்தேக நபர் என்றால் 35(3) பிரிவின் கீழ் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் கேட்பது திமிர் என்று வீட்டுப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவரை நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்குக் கூட்டிப்போய் அடித்தே கொன்றார்களே, அவருக்கு மௌனமும் உதவியிருக்காது, பேச்சும் உதவியிருக்காது. சாத்தான்குளத்தில் 2020இல் நடந்ததும் அதுதான். அடி விழும் அறையில் 20(3)ஐ ஒப்பிக்க யாராலும் முடியாது. யார் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு, எந்த வழக்கில் என்று எழுத்தில் ஒரு தடம் இருப்பதும், வெளியே ஒரு வக்கீல் காத்திருப்பதும்தான் அங்கே கொஞ்சமாவது கையைத் தடுக்கும்.

எனவே திங்கட்கிழமை தனியாகப் போக வேண்டாம். ஒரு வக்கீலும் வீட்டு ஆள் ஒருவரும் கூடப் போகட்டும். போனதும் “நான் சாட்சியா, என்மேல் ஏதாவது புகார் இருக்கிறதா, எஃப்.ஐ.ஆர். நம்பர் என்ன, இல்லை வெறும் சி.எஸ்.ஆரா (புகார் வந்ததற்குக் கொடுக்கும் ரசீது)” என்று மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். 180இன் கீழ் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்து வாங்கக் கூடாது என்று அடுத்த பிரிவே சொல்கிறது. ஆகவே “படிச்சுப் பார்க்க வேண்டாம், ஃபார்மாலிட்டிதான்” என்று நீட்டுவதில் போடக் கூடாது, வெள்ளைப் பேப்பரில் எக்காரணம் கொண்டும் கூடாது. செட்டைக் கடையிலிருந்து எடுத்தால், இன்னதைக் கைப்பற்றினோம் என்று மகஜர் எழுதவேண்டும், புதுச் சட்டப்படி வீடியோவும் எடுக்கவேண்டும். ரிஜிஸ்டரை ஒப்படைத்தால் ரசீது வாங்கட்டும், அதற்கு முன் சம்பந்தப்பட்ட பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் 15100க்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழி சொல்வார்கள்.

அன்புடன்.