ஒரே மாதிரி மோதலுக்கு ஒரு நடுவர் ஃபவுல் கொடுக்கிறார், இன்னொருவர் விட்டுவிடுகிறார். கால்பந்தில் ஏன் இப்படி?

உடல் பட்டாலே ஃபவுல் என்று கால்பந்து விதிகளில் இல்லை. விதி 12 இப்படிப் பிரிக்கிறது: கவனக்குறைவான மோதலுக்கு ஃபவுல் மட்டும், எதிராளிக்கு வரும் ஆபத்தைப் பாராமல் மோதினால் மஞ்சள் அட்டை, அளவுமீறிய பலத்துக்குச் சிவப்பு. எது எதில் சேரும் என்பதை நடுவரின் கண்தான் முடிவு செய்கிறது.

அப்புறம், அவர் நிற்கும் இடம். 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் நைஜல் டி யோங், ஸ்பெயினின் சாபி அலோன்சோவை நெஞ்சிலேயே உதைத்தார். மஞ்சள்தான் கிடைத்தது! பார்வை மறைந்துவிட்டது, சிவப்பு காட்டியிருக்க வேண்டும் என்று நடுவர் ஹோவர்ட் வெப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இப்போது வீடியோ நடுவர் இருக்கிறாரே என்பீர்கள். சரி, ஆனால் நடுத்திடலில் நடக்கும் சாதாரணத் தள்ளுமுள்ளில் அவர் தலையிட முடியாது. ஆட்டக்காரர்களைக் கடுப்பேற்றுவதே அந்தச் சின்னச் சின்ன இடிகள்தான்.